எந்தக் கையால்

மார்ச் 4

வாலுவின் அம்மாவுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். மாதம் பிறந்தால் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு உன் கைக்கு வந்துவிடுகிறது. உனக்கென்ன கேடு?

நான் நன்றாக இல்லை. போன மாதம் பத்தாம் தேதி, பட்டறையில் தகடு வெட்டும் மெஷின் என் இடது கையைப் பிடித்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். பிளேடுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். அது இருந்தால் வேலை மெதுவாக ஓடுகிறது என்று முதலாளி கழற்றிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. தகட்டை உள்ளே தள்ளினேன். பெடலை மிதித்தேன். கையை எடுக்க மறந்தேனா, எடுத்தும் பிந்திவிட்டேனா, தெரியவில்லை. வலிக்கவே இல்லை. பக்கத்து மெஷின்காரன்தான் "அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். குனிந்து பார்த்தால், கழிவுத் தகடு விழும் தட்டில் நாலு விரலும் கிடக்கின்றன. அதில் ஒன்று ஆடியது. என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம்தான் ரத்தம் என் முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். வாலுதான் கூட இருந்தாள். இப்போது அதே பட்டறை வாசலில் வாட்ச்மேன் வேலை. வண்டி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். இருபத்திரண்டு வருடம் மெஷின் ஓட்டியவனுக்கு முதலாளி பெரிய மனது வைத்துக் கொடுத்த வேலை. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை.

அதனால் உனக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறேன். நோட்டீஸ் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இரு. வக்கீல் வைத்து எதிர்த்து நின்றாய் என்று கேள்விப்பட்டால் அப்புறம் நான் மனிதனாக இருக்க மாட்டேன். என் கோபம் உனக்குப் புதிதில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


மார்ச் 12

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விரல் போன இடத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். என்னதான் இருந்தாலும் பதினாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். "நல்லா வேணும்" என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

நோட்டீஸும் வந்துவிட்டது. விவாகரத்து ஆகி நாலு வருடம் முடிந்தது, தீர்ப்பு எழுதி சீல் குத்தியாகிவிட்டது, இனி யார் வந்து என்னத்தை மாற்றிவிட முடியும் என்று நினைத்துக்கொண்டே வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "விவாகரத்தை யாரும் மாத்த முடியாதும்மா. ஆனா மாசாமாசம் குடுக்கிற தொகை அப்படியில்ல. அவர் சம்பாத்தியத்தையும் உங்க தேவையையும் பார்த்துப் போட்டது அது. நிலைமை நெசமாவே மாறிடுச்சுன்னா கோர்ட் அதைக் குறைக்கலாம், கூட்டலாம், நிறுத்தவும் செய்யலாம். ஆனா மாறிடுச்சுன்னு கேட்கிறவர்தான் அதை நிரூபிக்கணும்" என்றார்.

"அப்ப என் காது விஷயத்தையும் மறுபடி விசாரிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"அது முடிஞ்சு போன கதை. அதைத் திறக்க முடியாது" என்றார். நல்ல சட்டம் போங்கள். பணத்துக்குக் கதவு திறந்தே கிடக்கிறது, காதுக்கு மட்டும் பூட்டு.

அது இருக்கட்டும். இடது கை என்றா எழுதியிருக்கிறீர்கள்? நாலு தடவை படித்துப் பார்த்தேன். அதே கோர்ட்டில் கூண்டில் ஏறி, "நான் வலது கைக்காரன் ஐயா. நான் அடிச்சிருந்தா அவளுக்கு இடது காதுதான் போயிருக்கும். போனது வலது காது. அவ வாஷ்பேசின்ல வழுக்கி விழுந்தா" என்று சத்தியம் செய்தது நீங்கள்தானே? வலது கையால் கையெழுத்துப் போட்டும் காட்டினீர்கள். சின்ன வயதில் உங்கள் அம்மா இடது கையைத் துணியால் கட்டிவிட்டு எழுதப் பழக்கியது அந்த ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? முதலாளியும் வந்து, "ஆமாங்க, வலது கையாலதான் மெஷின் ஓட்டுவார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தியல், ஸ்பேனர், பெல்ட் எல்லாவற்றையும் நீங்கள் எந்தக் கையால் எடுப்பீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

கடைசியில் ஜட்ஜ் வாலுவைக் கூப்பிட்டு, அம்மா உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். "வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னாங்க" என்றாள். பதினாலு வயதுப் பிள்ளை, உள்ளதைத்தான் சொன்னாள். உங்கள் மானம் போகக் கூடாது என்று நான் அவளிடம் சொன்ன பொய் அது. அதுவே என்னைக் கவிழ்த்துவிட்டது. "ஒண்ணு என்கிட்ட பொய் சொல்லியிருக்க, இல்லன்னா ஜட்ஜ்கிட்ட பொய் சொல்லியிருக்க" என்று என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு உங்களோடு வந்துவிட்டாள்.

காது டெஸ்ட்டில் தோற்ற கண்டக்டரைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் டிப்போவில் தொலைந்த பொருள் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவலாக. போன வாரம் ஒரு பல்செட் வந்தது. சொந்தக்காரர் வாயைத் திறந்து கேட்க முடியாமல் இருக்கிறாரோ என்னவோ, இன்னும் வரவில்லை. அரைச் சம்பளம். உங்கள் பணம் பாதியானால் நான் குடியிருக்கும் வாடகை அறையைக் காலி செய்ய வேண்டும். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாலு எப்படி இருக்கிறாள்? ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் டிப்போவுக்கு வந்தாள். என் வலது பக்கம் நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. "ரேடியோ மட்டும் கேட்குது, நான் பேசினா கேட்காதா? நடிக்காதம்மா" என்று திட்டிவிட்டுப் போனவள்தான். என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

நேற்று கோர்ட்டில் என்ன நடந்தது என்று உன் வக்கீலம்மா சொல்லியிருப்பாள். கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினேன். ஜட்ஜ் முகம் சுளித்தார். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் பழைய கேஸ் கட்டைப் புரட்டினார். "நீங்க வலது கைக்காரர்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே. வலது கை நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் மெஷின் ஓட்ட முடியல?" என்று கேட்டார். ஆறு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். ஆதாரம் கொண்டுவர வேண்டுமாம்.

முதலாளியிடம் போய் நின்றேன். "அன்னைக்கு உனக்காகத்தான்டா பொய் சொன்னேன். இன்னைக்கு மாத்திச் சொன்னா நான் உள்ள போகணும். வேலையைப் பாரு" என்கிறான். நஷ்டஈட்டிலும் கை வைத்துவிட்டான். வேலை செய்யாத கைதானே போனது என்று பட்டறைப் பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கேட்டைப் பிடுங்கி அவன் தலையில் போட்டிருப்பேன். ஒற்றைக் கையால் முடியவில்லை.

இப்போது என்னை இடது கைக்காரன் என்று சொல்ல மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். அன்றைக்கும் அதையே சொன்னவள், அதனால் உன் பேச்சு எடுபடும் என்று என் வக்கீல் சொல்கிறார். வந்து, "அவர் இடது கைக்காரர்" என்று ஒரு வார்த்தை சொல். காதைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு வார்த்தை போதும். வாலுவின் படிப்புக்காவது சொல்.

மாட்டேன் என்று அழும்பு பிடித்தாயோ, போனது இடது கைதான். வலது கை பத்திரமாக இருக்கிறது.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 9

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டினேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "தானா வந்து மாட்டியிருக்கார். நீங்க கோர்ட் பக்கமே வராதீங்க. வாயைத் திறக்கலைன்னா உங்க பணம் அப்படியே இருக்கும்" என்றார். அது எனக்கும் புரிகிறது. நான் சும்மா இருந்தால் போதும், என் அறை எனக்கு. உங்களுக்குத்தான் மாதாமாதம் கழுத்தில் கயிறு.

ஆனாலும் நான் வந்து சொல்கிறேன். ஒரு நிபந்தனை இருக்கிறது.

அன்றைக்கு வாஷ்பேசின் பக்கத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுத வேண்டும். எந்தக் கையால், எதற்காக, எத்தனை தடவை. எல்லாவற்றையும். எழுதியதை வாலுவை எதிரே உட்கார வைத்து, உங்கள் வாயால் வாசித்துக் காட்ட வேண்டும். அடியில் அவள் ஒரு வரி எழுத வேண்டும். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும், ஏமாற்ற முடியாது.

கோர்ட் அதைத் திறக்காதாம். வேண்டாம், திறக்காமலே இருக்கட்டும். எனக்குக் கோர்ட்டா பெற்ற பிள்ளை? நான் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி நாலு வருடமாக வளர்ந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் போதும். பணம் குறைந்தால் குறையட்டும்.

வாலுவின் அம்மா


ஏப்ரல் 13

எழுத மாட்டேன். செத்தாலும் எழுத மாட்டேன். பெற்ற மகள் எதிரே என்னைத் துணியில்லாமல் நிற்கச் சொல்கிறாயா? உனக்கு எவ்வளவு திமிர்! கையில்லாதவன் என்ன செய்துவிடுவான் என்ற தைரியம். சனிக்கிழமை நேரில் வருகிறேன். அந்த டிப்போவில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, மிச்சமிருக்கும் காதையும் செவிடாக்கிவிட்டுத்தான் போவேன்.


ஏப்ரல் 21

வாலுவின் அப்பனுக்கு,

இனி "நீங்கள்" கிடையாது. பதினாறு வருடமும் அதற்கு மேல் நாலு வருடமும் கூப்பிட்டது போதும்.

சனிக்கிழமை நீ குடித்திருந்தாய், பாதி ஞாபகம் இருக்காது. அதனால் நானே எழுதுகிறேன். மதியம் மூன்று மணி, ஷிப்ட் மாறும் நேரம். கவுண்டர் கண்ணாடியை வலது கையால் குத்தினாய். உடையவில்லை. மறுபடி குத்தினாய். மூன்றாவது குத்தில்தான் உடைந்தது. பழைய கையாக இருந்திருந்தால் ஒன்றே போதும், அதுகூட எனக்குத் தோன்றியது பார். உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, முகத்தை மேஜையில் மோதினாய். என் மூக்கு உடைந்தது. உன் முழங்கையிலிருந்து ரத்தம் என் கழுத்துக்குள் வடிந்தது. "எந்தக் கைடி? எந்தக் கைடி? சொல்லுடி!" என்று கத்திக்கொண்டே இருந்தாய்.

நான் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பச்சைக் குடை, கனமான மரப்பிடி. அதால் உன் நெற்றியில் அடித்தேன். தோல் பிளந்ததைப் பார்த்தேன். மறுபடி அடித்தேன், நீ என் மயிரை விட்டாய். மூன்றாவது அடி தேவையே இல்லை, நீ கீழே விழுந்துவிட்டாய். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து அதையும் அடித்தேன். டிரைவர்கள் நாலு பேர் ஓடிவந்து பிடித்தது உன்னை இல்லை, என்னை.

அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. தண்ணீர் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது போல் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. நீ இத்தனை வருடம் எதை ருசித்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு அது வேண்டாம்.

நேற்று குடைக்காரி அடையாளம் சொல்லித் தேடிக்கொண்டு வந்தாள். "பிடி ஏம்மா உடைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். "ஒரு ஆள் மேல பட்டுடுச்சு" என்றேன். என் மூக்குக் கட்டைப் பார்த்தாள். "நல்லா பட்டுச்சா?" என்றாள். "பட்டுச்சு" என்றேன். "அப்ப பரவால்ல" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிப்போ மேனேஜர் போலீசில் புகார் கொடுக்கச் சொல்கிறார். எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். நிபந்தனை மாறவில்லை. மே மாதம் பத்தாம் தேதி வரை பார்ப்பேன். கடிதம் வரவில்லையென்றால் நான் கோர்ட்டுக்கு வர மாட்டேன்.

வாலுவின் அம்மா


மே 6

வாலுவின் அம்மாவுக்கு,

நெற்றியில் ஒன்பது தையல். பிரித்தாகிவிட்டது. உன் மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதங்களைச் சட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். வாலு எடுத்துப் படித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றும் தெரியாதவள் போல, "அப்பா, சின்ன வயசுல எனக்குப் பந்து போடுவீங்களே, எந்தக் கையால போடுவீங்க?" என்று கேட்டாள். "ஏன்?" என்றேன். "சும்மா சொல்லுங்க. எந்தக் கை?" என்றாள். நீ கேட்பது போலவே இருந்தது. எனக்கு முன்னால் இருந்த பீங்கான் தட்டைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்து எறிந்தேன். அவள் காதுக்கு ஒரு ஜாண் தள்ளிப் போய்ச் சுவரில் பட்டு உடைந்தது. ஒரு சில்லு அவள் பாதத்தில் குத்தியது.

வலது கையால் எறிந்தேன், குறி தப்பியது. என் பழைய கை குறி தப்பாது. அது இருந்திருந்தால் இப்போது அவளுக்கு முகம் இருந்திருக்காது. அவள் அழவில்லை. கத்தவில்லை. குனிந்து சில்லைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, "எழுதுங்கப்பா" என்று பேப்பரை எடுத்து வந்தாள்.

எழுதுகிறேன்.

அது ஒரு புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. அன்று மதியம் ஒரு தகட்டைக் கோணலாக வெட்டிவிட்டேன் என்று முதலாளி எல்லோருக்கும் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தான். நான் அதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. நீ டியூட்டி முடிந்து வந்தாய். தூக்கக் கலக்கத்தில் ஒரு பயணி அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிய கதையை முகம் கழுவிக்கொண்டே சொன்னாய். சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "என்ன, இன்னைக்கு முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாய். விளையாட்டுக்குத்தான் கேட்டாய். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போல எனக்குப் பட்டது. நீ வாஷ்பேசினிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துத் திரும்பினாய்.

இடது கையால் அடித்தேன். உள்ளங்கை முழுவதும் உன் வலது காதின் மேல் விழுந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் அடியிலேயே நீ பேசின் மேல் சாய்ந்துவிட்டாய். கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி மற்ற இரண்டையும் அடித்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. நீ அழவில்லை. "யாரோ விசில் ஊதுறாங்க, யாருங்க அது?" என்று கேட்டாய். திரும்பத் திரும்பக் கேட்டாய். வண்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கதவுப் பக்கம் நடந்தாய். நான் உன்னை உட்கார வைத்துவிட்டுப் பேசினைக் கழுவினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வாலுவிடம் சொன்னது உன் பொய் என்று எழுதியிருந்தாய். இல்லை. "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. இல்லன்னா அவளுக்கும் இதேதான்" என்று நான்தான் சொன்னேன். உன் இடது காதில் சொன்னேன். உனக்கு அது நினைவில்லாமல் போயிருக்கிறது. எனக்கு இருக்கிறது.

கோர்ட்டில் நான் சொன்னது முழுப் பொய். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

வாலுவின் அப்பா

*அம்மா, அப்பா இதை வாசித்தார். மூன்று இடத்தில் நிறுத்தினார், "மேல படிங்க" என்று சொன்னேன். ஜட்ஜ் என்கிட்ட எந்தக் கைன்னு கேட்கவே இல்லம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியும். – வாலு*


ஜூன் 1

வாலுவின் அப்பாவுக்கு,

நீயும் கோர்ட்டில்தான் இருந்தாய். ஆனால் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய், பாதிக்கு மேல் பார்த்திருக்க மாட்டாய். அதனால் கடைசியாக ஒரு தடவை எழுதுகிறேன்.

உள்ளே போவதற்கு முன்னால் வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இந்தக் கடிதத்தைக் குடுத்தா அவர் பொய்ச் சத்தியத்துக்கு மாட்டுவார். நீங்க சாட்சி சொல்லாம விட்டா உங்க தொகையும் குறையாது. ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு" என்றார். கடிதம் என் பைக்குள் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. உன்னை மொத்தமாக நசுக்கிவிடலாம் என்று தெரிந்தது. குடைப்பிடி கையில் இருந்தபோது வந்த அதே ஆசை.

கூண்டில் ஏறினேன். "இவர் எந்தக் கைக்காரர்?" என்று ஜட்ஜ் கேட்டார். "இடது கைக்காரர் ஐயா" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"என் வலது காதுக்குத் தெரியும் ஐயா" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இதைச் சொன்னா உங்களுக்கு வர்ற பணம் குறையும். புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார். புரிந்துதான் சொல்கிறேன் என்றேன். பிறகு உன்னைக் கேட்டார். நீ எழுந்து, "அவ சொல்றது நெசம் ஐயா. கையும் நெசம், காதும் நெசம். நான்தான் பொய் சொன்னேன்" என்றாய். குரல் பின்வரிசை வரை கேட்டது. பின்வரிசையில் வாலு இருந்தாள்.

தொகையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள், மனு போட்ட நாளிலிருந்து. பொய்ச் சத்தியத்துக்குத் தனியாக விசாரணை வரும் என்றார் ஜட்ஜ். அது உன் பாடு. டிப்போவில் நடந்ததற்கும் போலீசில் புகார் கொடுத்துவிட்டேன். நீ செய்ததையும் எழுதியிருக்கிறேன், குடையால் நான் மூன்று அடி அடித்ததையும், அதில் மூன்றாவது அடி தேவையில்லாதது என்பதையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் என்ன செய்கிறார்களோ செய்யட்டும். உன் முதலாளி அந்தக் கம்பித் தடுப்பைக் கழற்றியதற்கு நீயும் ஒரு புகார் கொடு. இன்னொருத்தன் கை அந்தத் தட்டில் விழ வேண்டாம்.

அறையைக் காலி செய்துவிட்டேன். டிப்போவுக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவும் இடம், எந்நேரமும் சோப்பு வாசனை. கட்டில் ஒன்றுதான் கொள்ளும். வாலு தரையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பெட்டியோடு வந்துவிட்டாள். அவளாகத்தான் வந்தாள், நான் கூப்பிடவில்லை. அவளுக்காக இனி எனக்கு எழுதாதே. அவள் பெரியவள், உன்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அவளே வருவாள்.

கோர்ட் முடிந்து இருவரும் பஸ்ஸில் வந்தோம். எனக்கு வலது பக்கம் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்லியிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை, நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை ஜன்னலோரம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். என் இடது காதில் முதலிலிருந்து சொன்னாள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா